ராத்திரி தானா சிரிக்குற பொம்மை, கடையில திருப்பி எடுக்க மாட்டேங்குறாங்க

கேள்வி: அக்கா வணக்கம், நாங்க விருதுநகர் பக்கம். பையனுக்கு 7 வயசு, பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. மூணு வாரம் முன்னாடி ஒரு கடையில 650 ரூபாய்க்கு சிரிக்குற பொம்மை வாங்கினோம், வயித்த அமுக்கினா கெக்கெக்கேன்னு சிரிச்சிட்டு ஒரு பாட்டு பாடும். பையன் போன்ல பேய்க்கதை கேக்குற பழக்கம் உள்ளவன், அதுல ஒரு கதையில திருவிழாவுல வாங்கின பொம்மை தினமும் ராத்திரி கட்டில் பக்கம் ஒரு அடி நகர்ந்து வருமாம், கடைசி நாள் குழந்தை தலைமாட்டுல வந்து நிக்குமாம். அந்த கதை கேட்ட மறுவாரம் நடுராத்திரி 2 மணிக்கு அலமாரி மேல இருந்த எங்க பொம்மை யாரும் தொடாம தானா சிரிச்சிருச்சு அக்கா, அன்னிக்கு மட்டும் மூணு தடவை. பையன் அன்னிலேருந்து அந்த ரூமுக்கே போக மாட்டேங்குறான், எங்க அத்தை சுத்திப்போட்டு வெளிய தூக்கி எறிங்கறாங்க. முதுகுல இருக்குற மூடி வேற அடிக்கடி கழண்டு விழுது, உள்ள காசு மாதிரி ரெண்டு பேட்டரி இருக்கு. கடைக்கு எடுத்துட்டு போனா "சிரிக்குற பொம்மை சிரிக்கத்தானே செய்யும், டாய்ஸ்க்கு ரிட்டர்ன் கிடையாது"ன்னு பில்லுல இருக்குறத காட்டுறார். பணம் திரும்ப வருமா? பையனை கதை கேக்க விடாம நிறுத்திரலாமா?

பதில்: முதல்ல ஒரு வேலை பண்ணுங்கம்மா, இத படிக்கறத அப்படியே நிறுத்திட்டு போய் அந்த பொம்மையில ரெண்டு பேட்டரியும் இருக்கான்னு எண்ணி பாத்துட்டு, கழட்டி, பாப்பாவுக்கு எட்டாத இடத்துல வச்சிட்டு வாங்க. நீங்க இவ்ளோ எழுதினதுல என்னை உலுக்கினது அந்த 2 மணி சிரிப்பு இல்ல, நடுவுல போற போக்குல மூடி கழண்டு விழுதுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரிதான். ஒன்றரை வயசு பாப்பா தவழ்ந்து நடந்து கீழ கிடக்குறத எல்லாம் வாயில வைக்குற வீட்டுல காசு மாதிரி பேட்டரி லொடலொடன்னு இருக்குற மூடிக்குள்ள இருக்கு, உங்க பையன் கேட்ட கதையில வந்த பொம்மையை விட இது பெரிய ஆபத்து.

பேட்டரி மேல சிஆர் 2032ன்னு எழுதியிருந்தா அது 3 வோல்ட் லித்தியம், அகலம் 20 மில்லிமீட்டர், 2019க்கு அப்புறம் வந்த புது ஒரு ரூபா காசும் அதே அளவுதான், வேணும்னா பக்கத்துல வச்சு பாருங்க. குழந்தை முழுங்கினா இது உணவுக்குழாய்ல சிக்கிக்கும். பேட்டரிய கடிச்சு உடைச்சா தான் விஷம்னு நெறய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, உடையவே வேண்டாம், உள்ள இருக்குற ஈரம் பட்டதும் கரெண்ட் ஓட ஆரம்பிச்சு நெகட்டிவ் பக்கம் கடுமையான காரம் உண்டாகுது, பாத்ரூம் அடைப்பு எடுக்க ஊத்துவோமே அந்த மாதிரி காரம், அது ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே சதையை அரிச்சிரும். பொம்மைய ஓட்ட தெம்பு இல்லாத பழைய பேட்டரியும் இத செய்யும், அதனால தீர்ந்து போனதுதானேன்னு டிவி மேல வச்சிராதீங்க. முழுங்கின குழந்தை உடனே அழணும்னு கூட இல்ல, எச்சில் நிறைய வடியும், சாப்பாடு வேண்டாம்னு தள்ளும், இருமும், நாமளும் சளின்னு நினைச்சு சிரப் குடுத்துட்டு இருப்போம்.

முழுங்கிருச்சுன்னு சந்தேகம் வந்தாலே 108க்கு அடிங்க, இல்ல வண்டிய எடுத்துட்டு எக்ஸ்ரே வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, போனதும் "பொத்தான் பேட்டரி"ன்னு வாய்விட்டு சொல்லுங்க ஏன்னா எக்ஸ்ரேல அது பாக்க காசு மாதிரியே தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஒரு வயசு தாண்டின குழந்தையா இருந்து, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளன்னா, போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன் தேன் குடுக்கலாம், அதிகபட்சம் 6 தடவை, அரிப்போட வேகத்த அது கொஞ்சம் குறைக்கும், ஆனா தேன் தேடிக்கிட்டு வீட்டுல ஒரு நிமிஷம் கூட நிக்கக்கூடாது. ஒரு வயசுக்கு உள்ளன்னா தேன் வேண்டவே வேண்டாம்.

சரி இப்ப 2 மணி சிரிப்புக்கு வருவோம். பேட்டரி இறங்க ஆரம்பிச்சா வோல்டேஜ் ஒரே சீரா இருக்காது, கொஞ்சம் கீழ போகும், ஓய்வுல இருந்தா திரும்ப மேல வரும், அப்படி மேல வர்றப்போ உள்ள இருக்குற சின்ன சிப்பு இப்பதான் ஆன் பண்ணாங்கன்னு நினைச்சுக்கிட்டு முதல் சத்தத்த போடும், உங்க பொம்மைக்கு முதல் சத்தம் சிரிப்பு. சிரிச்சதும் திரும்ப வோல்டேஜ் இறங்கும், கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை. மூணு தடவை சிரிச்சதுன்னு சொன்னீங்கல்ல, பெரும்பாலும் இதுதான். அதோட அந்த மூடி தளர்வா இருக்குறதால பேட்டரி தகடுல பட்டும் படாமலும் இருந்திருக்கும், அலமாரி கதவு லேசா ஆடினாலே போதும். பகல்லயும் சிரிச்சிருக்கலாம், டிவி சத்தத்துல உங்களுக்கு கேட்டிருக்காது.

உங்க பையன் கேட்ட கதை மாதிரி நெசமாவே ஒண்ணு நடந்துச்சு, அமெரிக்காவுல. 1996 கிறிஸ்துமஸ் சீசனுக்கு மேட்டல்ங்கற பொம்மை கம்பெனி கேபேஜ் பேட்ச்ங்கற பொம்மை வரிசையில ஸ்நாக்டைம் கிட்னு ஒண்ணு விட்டாங்க, பிளாஸ்டிக் கேரட், பிஸ்கட்டெல்லாம் வாயில வச்சா அது மென்னு முழுங்கும், முழுங்கினது முதுகுல இருக்குற பைக்குள்ள வந்து விழும். வாய்க்குள்ள ரெண்டு உருளை, ஒரே பக்கமா மட்டும் சுத்தும், நம்ம ஊர் கரும்பு ஜூஸ் மெஷின் கரும்ப இழுக்குதே அந்த மாதிரி. கேரட்டுக்கும் குழந்தை முடிக்கும் வித்தியாசம் அதுக்கு தெரியாதுல்ல, குனிஞ்சு கொஞ்சின குழந்தைங்க தலைமுடிய இழுத்து உள்ள கொண்டு போயிருச்சு, விரலும் மாட்டுச்சு. அம்மா அப்பா பதறிப்போய் சுவிட்ச தேடுறாங்க, பொம்மையில சுவிட்சே இல்ல! முதுகுப்பைய கழட்டினா நிக்கும், ஆனா குழந்தை கத்துற நேரத்துல அது யாருக்கு தோணும். கிட்டத்தட்ட 5 லட்சம் பொம்மை வித்த பிறகு 1997 ஜனவரியில மார்க்கெட்ட விட்டு எடுத்தாங்க, வாங்கினவங்களுக்கு 40 டாலர் திருப்பி குடுத்தாங்க. அதுலேருந்து நான் எந்த பொம்மைய கடையில எடுத்தாலும் மூஞ்சிய பாக்குறதுக்கு முன்னாடி திருப்பி முதுக பாப்பேன், ஆஃப் சுவிட்ச் எங்க இருக்கு, மூடியில ஸ்க்ரூ இருக்கா, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா.

பணம் விஷயம். இந்தியாவுல 2021 ஜனவரி 1லேருந்து 14 வயசுக்கு உட்பட்ட குழந்தைங்க விளையாடுற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதுக்கான ஆர்டர் 2020லயே போட்டாச்சு. பேட்டரியில ஓடுற பொம்மைன்னா ஐஎஸ் 15644, பேட்டரி இல்லாததுன்னா ஐஎஸ் 9873, அந்த நம்பர் முத்திரைக்கு மேல இருக்கும், கீழ சிஎம்/எல்னு ஆரம்பிச்சு லைசென்ஸ் நம்பர் இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை குடுக்குற அரசு அமைப்பு பிஐஎஸ், அவங்களோட பிஐஎஸ் கேர் ஆப்ப போன்ல ஏத்தி அந்த லைசென்ஸ் நம்பர அடிச்சு பாருங்க, எந்த கம்பெனி எந்த பொருளுக்கு வாங்கினதுன்னு வந்துரும். உங்க பொம்மையோட அட்டைப்பெட்டி இருந்தா இன்னிக்கே பாருங்க. முத்திரையே இல்லன்னாலோ வேற ஏதோ பொருளோட நம்பர ஒட்டியிருந்தாலோ உங்க கேஸ் ரொம்ப பலம், அந்த ஆப்லயே புகாரும் போடலாம். முத்திரை இருந்தாலும் பொத்தான் பேட்டரி மூடி கையால கழண்டு வர்றது பெரிய குறைபாடு, அத விட்டுக்குடுக்காதீங்க.

பில்லுல "ரிட்டர்ன் கிடையாது"ன்னு அடிச்சிருக்குறத பாத்து பயப்படாதீங்க. குறைபாடுள்ள பொருள திருப்பி எடுத்து பணம் குடுக்க மறுக்குறது 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல நியாயமற்ற வணிக நடைமுறைன்னு தெளிவா இருக்கு, பில்லுல நாள் எதுவும் போடலன்னா 30 நாள். நீங்க வாங்கி மூணு வாரம்தான் ஆச்சு, அதனால இந்த வாரமே செய்யுங்க. கலர் புடிக்கல, பையனுக்கு பயமா இருக்குன்னு சொல்லி திருப்பி கேட்டா கடைக்காரர் மறுக்கலாம், நீங்க போனப்போ சிரிப்ப பத்தி மட்டும் பேசியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அதனாலதான் அவர் அப்படி சொல்லியிருக்கார். இந்த தடவை மூடி கழண்டு விழுறத ஒரு நிமிஷ வீடியோவா எடுங்க, பேட்டரி நம்பர், பெட்டி, பில் எல்லாத்தையும் போட்டோ எடுத்து "பேட்டரி மூடி பாதுகாப்பு இல்ல, குழந்தை முழுங்குற ஆபத்து"ன்னு ரெண்டு வரி எழுதி குடுங்க, வாங்க மாட்டேன்னா வாட்ஸ்அப்ல அனுப்புங்க. அப்பவும் மசியலன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், பாதி விஷயம் அங்கயே முடிஞ்சிரும். அதுக்கும் மேலன்னா உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடலாம், 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேணும்னு இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும்.

650 ரூபாய்க்கு இவ்ளோ அலைச்சலான்னு உங்க வீட்டுக்காரர் கேப்பார். அதே பொம்மை அந்த கடையில இன்னும் எத்தனை அடுக்கி வச்சிருக்குன்னு நினைச்சு பாருங்கம்மா. போன வருஷம் ஒரு கோயில் திருவிழாவுல என் தங்கச்சி பொண்ணு 20 ரூபாய்க்கு லைட் எரியுற மோதிரம் வாங்கிட்டு வந்தா, கையில புடிச்சு திருப்பி பாக்குறேன், பின்னாடி மூடின்னு ஒண்ணுமே இல்ல, மெல்லிசா ஒரு ரப்பர், நகத்த வச்சு நெம்பினதும் மூணு குட்டி பேட்டரி என் உள்ளங்கையில கொட்டுச்சு. அவளுக்கு அப்ப ரெண்டு வயசு. வித்தவர தேடி போனா கடைய எடுத்துட்டு போயாச்சு, பில்லும் இல்ல, யார்கிட்ட போய் கேக்குறது. உங்ககிட்ட பில் இருக்கு, கடை இருக்கு, கேளுங்க.

கதைய நிறுத்த வேண்டாம்னு தான் சொல்லுவேன். நாமளும் புளியமரத்து பேய் கதை கேட்டுட்டு பாட்டி முந்தானைய புடிச்சிட்டு தூங்கினவங்கதானே. படுக்கப்போற நேரத்துல தனியா ஹெட்போன்ல கேக்குறத மட்டும் நிறுத்துங்க, சாயங்காலம் நீங்க பக்கத்துல இருக்குறப்போ கேக்கட்டும். பொம்மைய திருப்பி குடுக்குறதுக்கு முன்னாடி பையனை மடியில உக்கார வச்சு, பேட்டரிய போட்டு சிரிக்க வைங்க, அவன் கையாலயே பேட்டரிய எடுக்க சொல்லுங்க, பாப்பா அப்ப வேற ரூம்ல இருக்கட்டும். சிரிப்பு நிக்குறத அவனே பாக்கட்டும். இன்னொரு தடவை போட்டு எடுக்கணும்னு கேட்டா விடுங்க. உங்க அத்தைக்கு சுத்திப்போட்டா மனசு திருப்தின்னா சுத்திப்போடட்டும், ஆனா பேட்டரியோட தெருவுல எறிய வேண்டாம், வேற யார் வீட்டு குழந்தையாவது எடுக்கும்.

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 68 வயசு, திருச்சி. பேத்திக்கு பிறந்தநாள் வருது, நெட்ல கனெக்ட் பண்ணி குழந்தைகிட்ட பேசுற பொம்மை வாங்கலாம்னு இருக்கேன், மகன் வேண்டாங்கறான். வாங்கலாமா?

பதில்: ஐயா, இந்த விஷயத்துல உங்க மகன் பக்கம்தான் நான். பேசுற பொம்மைன்னா குழந்தை பேசுறத கேக்குற மைக்கும் உள்ள இருக்குன்னு அர்த்தம். ஜெர்மனியில 2017 பிப்ரவரியில கெய்லான்னு ஒரு பேசுற பொம்மைய, ஒளிச்சு வச்ச ஒட்டுக்கேக்குற கருவின்னு சொல்லி அரசாங்கமே தடை பண்ணுச்சு, வீட்டுல இருந்தா செயலிழக்க வச்சிருங்கன்னு பெத்தவங்களுக்கு சொன்னாங்க. அதோட ப்ளூடூத்துக்கு பாஸ்வேர்டே கிடையாது, பக்கத்து வீட்டுல இருக்குறவன் கூட போன கனெக்ட் பண்ணி அந்த பொம்மை வழியா குழந்தைகிட்ட பேசலாம். அதே வருஷம் கிளவுட்பெட்ஸ்னு இன்னொரு பொம்மையில 8 லட்சத்துக்கு மேல அக்கவுண்ட் விவரமும், அம்மா அப்பாவும் குழந்தைங்களும் மாத்தி மாத்தி அனுப்பிக்கிட்ட லட்சக்கணக்கான குரல் பதிவும் பூட்டே இல்லாம நெட்ல கிடந்துச்சு. 2025 நவம்பர்ல அமெரிக்காவுல ஏஐ வச்ச ஒரு கரடி பொம்மைய டெஸ்ட் பண்ணப்போ தீப்பெட்டி, கத்தியெல்லாம் வீட்டுல எங்க இருக்கும்னு சொல்லிக்குடுத்துச்சு, கம்பெனி விற்பனைய நிறுத்த வேண்டியதா போச்சு.

உங்க குரல்ல ஒரு கதைய நீங்களே பதிவு பண்ணி வைக்குற சாதா ரெக்கார்டர் பொம்மை கிடைக்குது, நெட் வேண்டாம், வாங்குறப்போ ஐஎஸ்ஐ முத்திரையும் முதுகு மூடியில ஸ்க்ரூவும் மட்டும் பாத்துக்கோங்க. அது இல்லன்னா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல நீங்களே கதை சொல்லுங்க ஐயா.

கேள்வி: தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையில ஐஎஸ்ஐ முத்திரை இல்லையே, அப்ப அது டூப்ளிகேட்டா?

பதில்: இல்லங்க. புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள்னு குடுக்குற அடையாளம், அத வாங்கின பொருளுக்கும், பதிவு பண்ண கைவினைஞர்கள் செய்யுறதுக்கும், முதல் பதில்ல சொன்ன ஐஎஸ்ஐ கட்டாய ஆர்டர்ல விலக்கு இருக்கு, தலையாட்டிக்கு புவிசார் குறியீடு இருக்கு, தைரியமா வாங்குங்க. ஆனா விலக்குன்னா லேப்ல டெஸ்ட் பண்ணி முத்திரை குத்தலன்னுதான் அர்த்தம், அதனால கொலு படியிலயோ ஷோகேஸ்லயோ வைங்க, எல்லாத்தையும் கடிக்குற வயசு குழந்தை கையில குடுக்காதீங்க, பெயிண்ட் உரிஞ்சு வாய்க்குள்ள போகும்.