கிளிப் முதலா, பேச்சுப் பயிற்சி முதலா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. 6 வயது மட்டும் விரல் சூப்பினவள். இப்போது கடைவாய்ப் பற்களைக் கடித்தாலும் முன்பற்கள் மேலும் கீழும் முட்டுவதில்லை, இடையில் ஒரு பென்சில் போகும். ‘ஆசை’ என்று சொன்னால் நாக்கு வெளியே எட்டிப் பார்த்து ‘ஆதை’ போலக் கேட்கிறது. தமிழ்த்தினப் போட்டியில் பாவோதலுக்குச் சேர்க்க ரீச்சர் தயங்குகிறா. கிளிப் போட்டால் பேச்சும் சரிவரும் என்கிறா பக்கத்து வீட்டு அக்கா. முதலில் யாரிடம் காட்டுவது? — சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்

அக்கா சொன்னதில் பாதி சரி. வாசல் திறந்து கிடந்தால் நாக்கு அதனூடாக வரத்தான் செய்யும். ஆனால் அந்த வாசலை மூடவிடாமல் வைத்திருப்பதும் பல பிள்ளைகளில் அதே நாக்குத்தான். விரல் சூப்புவதை விட்டபின், முளைத்துவரும் முன்பற்கள் பெரும்பாலும் தாமாகவே இறங்கி இடைவெளியை மூடிவிடும். உங்கள் மகள் விட்டு 3 வருடமாகியும் மூடவில்லை என்றால், விரல் இருந்த இடத்தை நாக்கு பிடித்துக்கொண்டதோ என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். தாடை எலும்பு வளரும் விதமும் காரணமாகலாம். அது எக்ஸ்றே எடுத்தால்தான் தெரியும்.

வீட்டிலேயே ஒன்றைப் பாருங்கள். ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்து விழுங்கச் சொல்லிவிட்டு அவளுடைய நாடியை (மோவாயை) கவனியுங்கள். நாடித்தோல் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளிபுள்ளியாகச் சுருங்கி உதடு இறுகினால், உள்ளே நாக்கு முன்னுக்குத் தள்ளுகிறது, வெளியே உதடு அதை மறிக்கிறது. அடுத்தது, ரிவி பார்க்கும்போதும் நித்திரையிலும் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இதுதான் முக்கியம். விழுங்குவது ஒரு நொடி வேலை. சும்மா இருக்கும்போது நாக்கு மணிக்கணக்காகக் கொடுக்கும் மெல்லிய அழுத்தமே பல்லை நகர்த்தும். கிளிப் பல்லை நகர்த்துவதும் அதே விதியில்தான்.

வாய் திறந்தே இருந்தால், கிளிப் போடும் எனக்கும் பேச்சுச் சிகிச்சையாளருக்கும் முன், காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். மூக்கின் பின்னால் உள்ள அடினொயிட் சதை வீங்கியிருக்கலாம், ஒவ்வாமையால் மூக்கு அடைத்திருக்கலாம். மூச்சு விட வழியில்லாத பிள்ளையை ‘வாயை மூடு’ என்று அதட்டி என்ன பயன்?

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பையனுக்குக் கிளிப் மட்டும் போட்டு இப்படியான இடைவெளியை அழகாக மூடி அனுப்பினேன். பிறகு பல்லைத் தாங்கப் போடும் றிற்றெயினரை அவன் கைவிட்டான். அடுத்த முறை வந்து சிரித்தபோது பற்களுக்கு நடுவே நாக்கு தெரிந்தது. அவனைக் குறைசொல்ல மாட்டேன். நாக்கு எங்கே இருக்கவேண்டும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தமிழ்ப் பிள்ளைக்குக் கண்ணாடி தேவையில்லை. ‘அன்னம்’ என்று சொல்லி ‘ன்’னில் நிறுத்தச் சொல்லுங்கள். நுனிநா மேல்முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் நிற்கும். ஓய்வில் நாக்கின் வீடு அதுதான். பேச்சுச் சிகிச்சையாளர் ‘ஸ்’ ஒலியையும் அங்கிருந்தே கொண்டுவரலாம். யாழ்ப்பாணத்தாருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘வெற்றி’யின் ‘ற்ற’வையும் ‘ரிக்கெற்’றின் கடைசி ‘ற்’றையும் நாங்கள் அந்த மேட்டில் தட்டியே சொல்கிறோம். பல்லைச் சேர்த்துக்கொண்டு ‘ரிக்கெற், ரிக்கெற்’ என்று சொல்லி, கடைசித் தட்டில் காற்றை நீட்டினால் ‘ரிக்கெற்ஸ்’. நாக்கு உள்ளேயே நிற்க ‘ஸ்’ பிறந்துவிடும். பிறகு தனி ஒலி, சொல், வசனம், கடைசியாகச் சண்டை பிடிக்கும்போதும் அதே ஒலி. நாளுக்கு அரை மணித்தியாலம் இருத்தி வைப்பதைவிட ஐந்து நிமிடம் மூன்று தடவை நல்லது. பலூன் ஊதுவது, விசில் ஊதுவது எல்லாம் விளையாட்டுக்கு நல்லது. அதனால் ‘ஸ்’ வராது. ஆங்கிலப் பிள்ளைகளுக்குச் செய்த வீடியோக்களையும் விட்டுவிடுங்கள், இது அவள் பேசும் மொழியில் பழகவேண்டிய விஷயம்.

ஆகவே பேச்சுப் பயிற்சி கிளிப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இடைவெளி இருந்தும் தெளிவாகப் பேசும் பிள்ளைகளும், முத்துப்போலப் பல் இருந்தும் நாக்கை நீட்டிப் பேசும் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். பயிற்சியை இப்போதே தொடங்கலாம். அதே மாதத்தில் பற்சீரமைப்பு நிபுணரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் பற்பிரிவிலோ கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். கிளிப்பை இப்போது போடுவதா, மற்றப் பற்களும் விழுந்து முளைக்கும்வரை பொறுப்பதா என்பதை அவர் சொல்வார். நாக்கை மறிக்கவென்று அண்ணத்தில் சிறு கம்பித் தடுப்பு வைப்பதும் உண்டு. அண்ணத்தில் எதை வைத்தாலும் முதல் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், பேச்சு குழறும். அந்த நேரம் புது ஒலி பழக்கவேண்டாம் என்று பேச்சுச் சிகிச்சையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே பெரும்பாலும் அது நடப்பதில்லை: நாங்கள் இருவரும் ஒரே பிள்ளையைப் பார்ப்போம், ஒருவரோடு ஒருவர் கதைத்திருக்க மாட்டோம். ஒரே கொப்பியை இரண்டு கிளினிக்குக்கும் கொண்டுபோய், இருவரையும் அதில் எழுத வையுங்கள். மாதம் ஒருமுறை போனில் ஒரு நிமிடம் அவள் பேசுவதைப் பதிந்து வைத்தால் இன்னும் நல்லது.

பாவோதலுக்கு அவளைச் சேர்க்கச் சொல்லி ரீச்சரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். பாட்டை மனனம் செய்யும் சாட்டில் பயிற்சியும் நடக்கும். மேடையில் நாக்கு இரண்டொரு தடவை எட்டிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.