மூளை வீங்கினதாலதானோ தம்பிக்கு இப்படி?

கேள்வி: வணக்கம் டொக்டர், நான் புதுக்குடியிருப்பில இருந்து எழுதுறன். என்ர தம்பிக்கு 23 வயசு, போன வருசத்தில இருந்து தனியக் கதைக்கிறான், ஆரோ தன்னைப் பற்றிக் கதைக்கினம் எண்டு வெளிய வாறேல்ல. கிளினிக்கில சிசோபிரினியா (மனச்சிதைவு) எண்டு குளிசை தந்தவை, இப்ப கொஞ்சம் பறவாயில்லை. மாமா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார், இது மூளை அழற்சியாம், குளிசையை விட்டிட்டு மஞ்சளும் வீக்கத்துக்கான மருந்தும் குடுத்தாச் சுகமாம். நிப்பாட்டட்டோ?

பதில்: வேண்டாம் தங்கச்சி, ஒரு நாளும் நீங்களா நிப்பாட்டாதேங்கோ, திரும்ப வந்தா முந்தினதைவிடக் கடுமையாவும் வரலாம்.

மாமா சொன்னதில கொஞ்சம் உண்மை இருக்கு, அதாலதான் கவனமாச் சொல்லுறன். இந்த வருத்தத்தில மூளை சுளுக்கின கால் மாதிரி வீங்கிறேல்ல. சில நோயாளிகளின்ர ரத்தத்தில ஐஎல்-6 மாதிரி அழற்சிப் பொருட்கள் கூட இருக்கிறதை, இன்னும் மருந்தே தொடாத ஆக்களிலயும் கண்டிருக்கினம். 2016ல வந்த பெரிய ஆய்வில நோயெதிர்ப்போட சம்பந்தப்பட்ட சி4 எண்ட மரபணு கூட வேலை செய்யிற ஆக்களுக்கு இந்த வருத்தம் வர வாய்ப்புக் கொஞ்சம் கூட எண்டு தெரிய வந்தது, அது மூளையில நரம்பு இணைப்புகளைக் குறைக்கிற வேலையிலயும் பங்கெடுக்குதாம். ஆனா எல்லாருக்கும் அழற்சி இல்லை, மூளை ஸ்கான் முடிவுகளும் ஒண்டுக்கொண்டு ஒத்துவரேல்ல.

சரி, அழற்சியைக் குறைச்சா மாறுமோ? பிரிட்டனில 207 பேருக்கு அழற்சியைக் குறைக்கக்கூடிய மினோசைக்கிளின் எண்ட அன்டிபயோட்டிக்கோ மருந்தில்லாத வெறும் குளிசையோ ஒரு வருசம் குடுத்துப் பாத்தவை, அதுவும் வழமையான மருந்துக்கு மேலதிகமா, முடிவு 2018ல வந்தது, பலன் இல்லை. வீக்கத்துக்கு எண்டு கடையில வாங்கிற புரூபன், டைக்ளோபெனக் எல்லாம் நாளாந்தம் விழுங்கினா சிறுநீரகம் பழுதாகலாம், வவுனியா முல்லைத்தீவுப் பக்கம் அந்த வருத்தக்காரர் ஏற்கனவே கனபேர், எனக்கு அதுதான் பெரிய பயம்.

உண்மையிலேயே மூளை அழற்சியால புத்தி தடுமாறுற ஒரு வருத்தம் இருக்கு, 2007ல டல்மாவ் எண்ட வைத்தியரின்ர குழு விளங்கப்படுத்தினது, உடம்பே தன்ர மூளைக்கு எதிரா வேலை செய்யும். நாள்க் கணக்கில திடீரெண்டு மாறுவினம், வலிப்பு, காய்ச்சல், வாய் கோணிக்கோணி அசையிறது, உடம்பு விறைக்கிறது எண்டெல்லாம் வரும், உடன ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும், அதுக்கு வைத்தியமும் இருக்கு. நீங்கள் எழுதினதைப் பாக்க தம்பிக்கு அப்படித் தெரியேல்ல, எண்டாலும் இதில ஏதாவது இருந்தா அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திராதேங்கோ.

குளிசையால கூட நித்திரை, உடம்பு வைக்குது எண்டா வெக்கப்படாமச் சொல்லுங்கோ, மாத்தித் தருவினம். மறக்கிறான் எண்டா மாசத்துக்கொருக்கா போடுற ஊசியும் இருக்கு.