கடற்கரைக் கல்யாணம்: இடவாடகை குறைவு, மொத்தச் செலவு எவ்வளவு?

கேள்வி: எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இருவரும் வேலையில் இருக்கிறோம். நகரத்து மண்டபம் வேண்டாம், நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு சின்னக் கடற்கரை கிராமத்தில் நடத்தலாம் என்று ஆசை. இடவாடகை மண்டபத்தில் கேட்பதில் பாதிகூட இல்லை. 120 பேரை அழைக்க நினைக்கிறோம். 14 மாத அவகாசம் இருக்கிறது, தேதி இன்னும் முடிவாகவில்லை. சேமிப்பு போக மீதியைப் பர்சனல் லோன் வாங்கிச் சமாளிக்கலாமா? எங்கள் வரவு செலவுக் கணக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வாழ்த்துகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோன் வேண்டாம். கடற்கரையை விட வேண்டியதில்லை. 120 என்ற எண்ணைத்தான் மாற்ற வேண்டும்.

நீங்கள் போட்டிருக்கும் மொத்தச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். உங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் தங்கள் பணத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க அது வசதி. இடத்துக்கு 10, சாப்பாட்டுக்கு 30, பந்தல், அலங்காரம், விளக்குக்கு 25, போட்டோ, வீடியோ, இசைக்கு 15, துணிமணி, அழைப்பிதழ், மற்ற சில்லறைச் செலவுக்கு 20 என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். கையில் இருக்கும் சேமிப்பு 70. மாதம் 3 பங்கு சேர்க்க முடியும் என்கிறீர்கள். ஆக, 14 மாதத்தில் 112 வரும், செலவுக்குப் போக மிச்சமே இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த 70-இல் 30, உங்கள் இருவரின் ஆறு மாத வீட்டுச் செலவு. வேலை போனாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ எடுக்க வேண்டிய பணம் அது. அதைக் கல்யாணக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மீதி 40, இனிமேல் சேரப்போகும் 42, மொத்தம் 82. இதுதான் உங்கள் கல்யாணப் பணம்.

இனி செலவுப் பக்கம் வருவோம். நகரத்து மண்டபத்துக்கு நீங்கள் கொடுக்கும் வாடகையில் மின்சாரம், தண்ணீர், கழிப்பறை, நாற்காலி, வண்டி நிறுத்த இடம், மழைக்கு ஒதுங்கக் கூரை எல்லாம் அடக்கம். கிராமத்துக் கடற்கரையில் நீங்கள் வாடகைக்கு எடுப்பது மணல் மட்டும்தான். மேலே சொன்ன ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து கொண்டுவந்து, முடிந்ததும் திரும்ப ஏற்றி அனுப்ப வேண்டும். அதனால், ‘அங்கே என்னென்ன இல்லை’ என்று ஒரு பட்டியல் எழுதிவிட்டு அதற்கு விலை கேளுங்கள். அலங்காரத்தின் விலையை அப்புறம் கேட்கலாம்.

அந்தப் பட்டியலில் பெரிய தொகை எங்கே வரும் என்றால், வேலை செய்ய வருகிறவர்களின் பயணத்திலும் தங்குமிடத்திலும். பந்தல்காரர், சமையல் குழு, ஒலி ஒளி ஆட்கள், போட்டோகிராபர் என்று 40 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். நகரத்தில் காலையில் வந்து இரவில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான்கு மணி நேரப் பயணம் என்றால் முதல் நாளே வந்து, கல்யாணம் முடிந்த மறுநாள்தான் கிளம்புவார்கள். மூன்று நாள் சாப்பாடு, இரண்டு இரவு தங்கல், லாரி வாடகை எல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். விலை கேட்கும்போது ‘எல்லாம் சேர்த்தா?’ என்று கேட்டால் போதாது. ‘பயணம், தங்கல், சாப்பாடு, ஏற்று இறக்குக் கூலி இதில் அடங்குமா?’ என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இதற்கு 12 பங்கு போடுகிறேன்.

மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் 6. கிராமத்து மின் இணைப்பை நம்பி விழா நடத்த முடியாது, ஜெனரேட்டர்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெனரேட்டரின் அளவைக் கேவிஏ-வில் சொல்வார்கள், விளக்கு, குளிர்சாதனம், ஒலிபெருக்கி எல்லாம் கிலோவாட்டில் இருக்கும். பொதுவாக கேவிஏ எண்ணில் 80 சதவீதம்தான் கிலோவாட். 62.5 கேவிஏ என்றால் 50 கிலோவாட் கிடைக்கும். பெரியது ஒன்று எடுப்பதைவிட நடுத்தரமாக இரண்டு எடுங்கள். ஒன்று நின்றுபோனால் மாற்று வண்டி வர நான்கு மணி நேரம் ஆகும், அதற்குள் விழாவே முடிந்துவிடும்.

தண்ணீர் லாரி, நடமாடும் கழிப்பறைக்கு 5. விருந்தினரைத் தங்குமிடத்திலிருந்து கடற்கரைக்கும், அங்கிருந்து திரும்பவும் கூட்டிப்போகும் பேருந்துக்கு 5. அனுமதிக் கட்டணம், முடிந்த பிறகு கடற்கரையைச் சுத்தம் செய்ய 2. எல்லாம் சேர்த்தால் 30. உங்கள் 100 இப்போது 130 ஆகிவிட்டது. எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதம் தனியாக வைக்க வேண்டும். நகரத்து மண்டபமாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் போதும் என்பேன், திறந்தவெளியில் அது போதாது. அதையும் கூட்டினால் கிட்டத்தட்ட 150.

கையில் வரப்போவது 82, தேவை 150, துண்டு விழுவது 68. இதை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் ஐந்து வருட பர்சனல் லோனாக வாங்கினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை சுமார் 1.6 பங்கு. கட்டி முடிக்கும்போது வட்டியாக மட்டும் 27 பங்கு போயிருக்கும். 120 பேர் சாப்பாட்டுக்கு நீங்கள் ஒதுக்கியதே 30 தான். இப்போது மாதம் சேர்க்கும் 3-இல் பாதிக்கு மேல், கல்யாணம் முடிந்து ஐந்து வருடம் வங்கிக்குப் போகும். வீடு, குழந்தை என்று யோசிக்கும் வருடங்கள் அவை. அந்தச் சுமையோடு நீங்கள் குடித்தனம் தொடங்குவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

அதனால் 60 பேரை அழையுங்கள். ஆள் குறைந்தால் சாப்பாடு மட்டுமல்ல, பந்தல், நாற்காலி, கழிப்பறை, பேருந்து, சமையல் ஆட்கள் தங்கும் அறை எல்லாமே சேர்ந்து குறையும். சாப்பாடு 15, பந்தல் அலங்காரம் 14, போட்டோ, வீடியோ, இசை 10, துணிமணி முதலியவை 12, இடம் அதே 10, ‘அங்கே இல்லாதவை’ 30-லிருந்து 17. மொத்தம் 78. எதிர்பாராததற்கு 12 சேர்த்தால் 90. உங்களிடம் 82 இருக்கும். தேதி முடிவாகவில்லை என்பதால், கல்யாணத்தை மூன்று மாதம் தள்ளினால் இன்னொரு 9 சேரும், 91 ஆகிவிடும். அந்தக் கடற்கரையில் அப்போது மழைக்காலமோ புயல் பருவமோ வருகிறது என்றால் தள்ளாதீர்கள். இசையிலும் அலங்காரத்திலும் 8 பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். அழைக்க முடியாதவர்களுக்கு ஊர் திரும்பிய பிறகு ஒரு எளிய மாலை விருந்து வைக்கலாம், அடுத்த வருடச் சேமிப்பிலிருந்து.

தேதி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடற்கரையில் பணம் வீணாவது பெரும்பாலும் தேதியையும் நேரத்தையும் தப்பாகக் குறிப்பதால்தான். பெரும்பாலான கடற்கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்ற நேரம் தினமும் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மற்ற நாட்களைவிட அதிகம். நிலா வெளிச்சத்தில் விழா நடத்தலாம் என்று பௌர்ணமியைத் தேர்ந்தெடுப்பவர்கள், மணல் மிகக் குறுகலாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தவர்களாகவும் ஆகலாம். நீங்கள் இடம் பார்க்கப் போனது கடல் இறங்கியிருந்த நேரமா என்று யோசித்துப் பாருங்கள். அப்போது அகலமாகத் தெரிந்த மணலில் பாதி, முகூர்த்த நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கலாம். கடல் ஏற்ற இறக்க அட்டவணை முன்கூட்டியே கிடைக்கும், அதைப் பார்த்துத் தேதி குறியுங்கள். அதோடு மணலைக் கூர்ந்து பாருங்கள். காய்ந்த கடற்பாசியும் கிளிஞ்சலும் சுள்ளியும் ஒரு கோடாகக் கிடக்கும். அண்மையில் தண்ணீர் அந்த இடம் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். பந்தல் கால் அதற்கு நன்றாக மேலே நிற்க வேண்டும். முதல் நாள் போட்ட மேடையை அவசரமாகத் தூக்கி மாற்றினால் கூலி இரட்டிப்பாகும்.

காற்றும் அப்படித்தான். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாவதால் முற்பகலிலேயே கடல்காற்று தொடங்கி, பிற்பகலில் வலுக்கும், பொழுது சாயும்போது தணியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பந்தல் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். ஈரமில்லாத மணலில் முளைக்குச்சி பிடிக்காது. தண்ணீர் நிரப்பிய தொட்டியையோ மணல் மூட்டையையோ எடைக்குக் கட்ட வேண்டும். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். பந்தல்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எடைக்கு என்ன கட்டுவீர்கள், எந்த வேகத்துக்கு மேல் காற்று வந்தால் ஆட்களை வெளியேற்றச் சொல்வீர்கள்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் தராதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். காலையில் சடங்கை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும், விளக்குச் செலவும் பெரும்பகுதி மிச்சம்.

ஒப்பந்தத்தில் நான் அதிகம் கவனிப்பது பணம் கொடுக்கும் தவணைகளை. 25 முதல் 30 சதவீதம் முன்பணம், விழாவுக்கு ஒரு மாதம் முன்பு பெரும்பகுதி, கடைசி 10 சதவீதம் எல்லாம் முடிந்து இடத்தை ஒப்படைத்த பிறகு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தால் தள்ளுபடி என்று ஆசை காட்டினாலும் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தாலோ அரசு தடை விதித்தாலோ பணம் திரும்ப வருமா, தேதி மட்டும் மாற்றித் தருவார்களா, மாற்றினால் அடுத்த வருட விலையா இந்த வருட விலையா? இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அறைகளை மொத்தமாகப் பிடித்தால், நிரம்பாத அறைகளுக்கும் நீங்களே பணம் கட்ட வேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருக்கும். எந்தத் தேதிக்குள் எத்தனை அறையை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டு வையுங்கள். அறை வாடகை யார் பொறுப்பு என்பதை அழைப்பிதழோடு விருந்தினருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கடைசியில் 30 அறைக்கும் தாங்களே கட்டும் குடும்பங்கள் உண்டு.

விழாக் காப்பீடு உங்களுக்குக் கிடைக்கிறது என்றால் முன்பணம் கொடுக்கும் வாரத்திலேயே எடுங்கள். புயல் உருவாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு இழப்பீடு கிடைக்காது. சாதாரண மழை பெய்தது, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் இடமில்லை. காப்பீடு எடுத்தாலும் மழைக்கு மாற்று இடம் ஒன்றைப் பேசி வையுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ போதும்.

கல்யாணப் பதிவை உங்கள் ஊர் அலுவலகத்திலேயே முன்னதாக முடித்துவிட முடியுமா என்று விசாரியுங்கள். சில இடங்களில் அந்தப் பகுதியில் குறிப்பிட்ட நாட்கள் வசித்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு, அதற்காகக் கிராமத்தில் போய்த் தங்கினால் செலவுதான். கடற்கரையில் கூட்டம் கூட, ஒலிபெருக்கி வைக்க, பந்தல் போட யாருடைய அனுமதி வேண்டும் என்பதையும் முன்பணத்துக்கு முன் கேளுங்கள். கடலாமை முட்டையிடும் கரையாக இருந்தால் இரவு விளக்குக்கு அந்தப் பருவத்தில் கட்டுப்பாடு இருக்கலாம்.

அந்தக் கரை அங்கே வாழ்பவர்களுக்கு வேலை செய்யும் இடம். படகு ஏறி இறங்கும், வலை காயும். விழாவன்று அவர்களுடைய வேலை தடைபட்டால் அதற்கு ஈடு கொடுங்கள். சமையல் உதவி, காவல், சுத்தம், சுமை ஏற்றும் வேலைக்கு அந்த ஊர் ஆட்களையே நியாயமான கூலிக்கு அமர்த்துங்கள். வெளியூர் ஆட்களின் பயணச் செலவும் தங்கல் செலவும் மிச்சமாகும். மணல் எப்போது கரையும், எந்த மாதம் காற்று மாறும் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இல்லை. கூலியைப் பணமாகத்தான் கேட்பார்கள். அங்கே செல்போன் சிக்னலும் ஏடிஎம்மும் சரியாக இருக்காது என்று வைத்துக்கொண்டு, சில்லறை நோட்டுகளாகக் கொண்டுபோய், ஒரே ஒருவர் பொறுப்பில் விட்டு, கொடுக்கக் கொடுக்க எழுதிவரச் சொல்லுங்கள்.

சேமிப்பை எங்கே வைப்பது? ஒன்றரை வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள். கையில் இருக்கும் 40 பங்கை இரண்டு மூன்று வங்கி டெபாசிட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒரு தவணைத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு முதிரும்படி போடுங்கள். மாதம் 3 பங்கைத் தொடர் வைப்பில் சம்பளம் வந்த மறுநாளே பிடிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதச் செலவுப் பணம் 30-ஐ இன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், கல்யாணப் பணத்தோடு கலந்திருந்தால் கடைசி மாதத்தில் கை தானாக அதன் பக்கம் போகும்.

இப்போதைக்கு இடத்துக்காரருக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். இரு வீட்டாரும் உட்கார்ந்து 60 பெயரை எழுதி முடியுங்கள். அப்புறம் நீங்கள் நினைத்திருக்கும் அதே மாதத்தில், கடல் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்து, பந்தல்காரரையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். அவர் எடுக்கும் அளவை வைத்து விலை எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள், முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.