கிரேக்க சோக நாடகத்துல ஹீரோ எங்க தப்பு பண்றான்? உங்க கேள்விகளும் என் பதில்களும்

போன வாரம் பழைய கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸ் பத்தி பேசிட்டிருந்தப்ப ஒருத்தர் "ஈடிபஸ அழிச்சது அவனோட திமிர்தான்"னு எழுதியிருந்தார். நான் அப்படி இல்லைன்னேன். (ஈடிபஸ், சோஃபக்ளீஸ் நாடகத்துல வர்ற தீப்ஸ் நகர ராஜா. அப்பாவ கொன்னு அம்மாவ கட்டிக்குவேன்னு அவனுக்கு தெய்வ வாக்கு, தெரியாமலே ரெண்டையும் செஞ்சுடறான்.) அதுலேர்ந்து கேள்வியா வந்துட்டிருக்கு. இந்த நாடகங்கள பல வருஷமா திரும்பத் திரும்ப படிச்சிட்டிருக்கேன், பாடமும் எடுத்திருக்கேன், அதனால சில பதில் நீளமாவே இருக்கும்.

கேள்வி: அக்கா, எம்.ஏ. பேப்பர்ல "ஹமார்ட்டியான்னா ஃபேட்டல் ஃப்ளா, அதாவது ஹீரோவோட குணத்துல இருக்கிற குறை"ன்னு எழுதறோம். தப்பா?

பதில்: சோக நாடகத்த பத்தி பேசறப்ப இந்த வார்த்தைய போட்ட கிரேக்க தத்துவஞானி அரிஸ்டாட்டில் சொன்னது அது இல்லப்பா. ஹமார்ட்டியாங்கிற வார்த்தை தவறவிடறதுங்கிற வினையிலேர்ந்து வருது, எறிஞ்ச ஈட்டி ஆள்மேல படாம போனாக்கூட கிரேக்கக் கவி ஹோமர் அந்த வினையத்தான் போடறார். நம்ம பேச்சுல சொன்னா குறி தப்பிடுச்சு, அவ்வளவுதான். பொயட்டிக்ஸ்ங்கிற தன்னோட நூல்ல, 13ஆம் அத்தியாயத்துல அரிஸ்டாட்டில் சொல்றது என்னன்னா, ரொம்ப உத்தமனும் இல்லாத, கெட்டவனும் இல்லாத ஒருத்தன், கெட்ட குணத்தால இல்லாம ஏதோ ஒரு ஹமார்ட்டியாவால விழணும், அப்பத்தான் பாக்கிறவங்களுக்கு இரக்கமும் பயமும் வரும்னு. "கெட்ட குணத்தால இல்ல"ன்னு அவரே தெளிவா சொல்லிட்டார். இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்க, சோஃபக்ளீஸும் இன்னொரு பெரிய நாடக ஆசிரியர் யூரிபிடீஸும் செத்தது கி.மு. 406 வாக்குல, அரிஸ்டாட்டில் பொறந்ததே 384ல. அவர் ஃபார்முலா போட்டு அவங்க எழுதல.

கேள்வி: அப்ப ஈடிபஸ் பண்ண தப்புதான் என்ன? வழியில ஒரு கிழவரோட சண்ட போட்டு கொன்னானே, அந்தக் கோவமா?

பதில்: கோவக்காரன்தான், மறுக்கல. மூணு ரோடு சேர்ற இடத்துல வண்டியில வந்தவங்க இவன ஒதுங்கச் சொல்லி தள்ளறாங்க, இவன் வண்டிக்காரன அடிக்கிறான், உள்ள இருந்த பெரியவர் தாத்துக்கோலால இவன் மண்டையில போடறார், இவன் கைத்தடியால திருப்பி அடிச்சு ஆளயே கொன்னுடறான். ஆனா யோசிச்சுப் பாருங்க, கோவப்படாத ஆளா இருந்தாலும் அவர்தான் தன் அப்பா லாயஸ்னு அவனுக்கு தெரிஞ்சிருக்குமா? கொரிந்துல இருக்கிற பாலிபஸ்தான் தன் அப்பான்னு நம்பி, அவர கொன்னுடக் கூடாதேன்னுதான் அந்த ஊர விட்டே ஓடி வந்தான். நல்ல எண்ணத்துல ஓடினவன் நேரா அப்பாகிட்டயே வந்து நிக்கிறான், குறி தப்பினது அங்கதான்.

நாடகம் முழுக்க இதேதான் நடக்குது, அதத்தான் நான் எல்லாரையும் கவனிக்கச் சொல்வேன். அவன் மனைவி ஜோகாஸ்டா (உண்மையில அவன பெத்தவ, ரெண்டு பேருக்குமே அது தெரியாது) அவனுக்கு ஆறுதல் சொல்லத்தான் வர்றா, ஜோசியத்த எல்லாம் நம்பாத, என் முதல் புருஷன பெத்த பிள்ளையே கொல்லுவான்னாங்க, கடைசியில மூணு ரோடு சேர்ற இடத்துல திருடங்கதானே கொன்னாங்கங்கிறா. அவளுக்கு அது சும்மா ஒரு அடையாளம், அவனுக்கு அந்த "மூணு ரோடு" நெஞ்சுல குத்துது. கொரிந்துலேர்ந்து வந்த தூதன், பாலிபஸ் உன் அப்பா இல்ல, கவலைய விடுன்னு சந்தோஷமா சொல்றான், அந்த வார்த்தைதான் எல்லாத்தையும் உடைக்குது. ஜோகாஸ்டா அந்த நிமிஷமே புரிஞ்சுக்கிட்டு, வேணாம், இதோட நிறுத்துன்னு கெஞ்சறா. இவனோ, நான் அடிமை வயித்துல பொறந்திருப்பேனோன்னு இவளுக்கு வெக்கமா இருக்கு போலன்னு நெனச்சுக்கறான். எவ்வளவு புத்திசாலி, எவ்வளவு தூரம் தள்ளிப்போய் விழறான் பாருங்க! அந்த இடத்த படிக்கும்போது இப்பவும் எனக்கு கை நடுங்கும்.

கடைசியில, கொல்லச் சொல்லி குடுத்த குழந்தை ஈடிபஸ கொல்லாம விட்ட கிழட்டு மேய்ப்பன் "சொல்லவே பயமான இடத்துக்கு வந்துட்டேனே"ங்கிறான். "நானும் கேக்கவே பயமான இடத்துக்கு வந்துட்டேன், ஆனா கேட்டே ஆகணும்"ங்கிறான் ஈடிபஸ். அவன, தீப்ஸ வாட்டின ஸ்பிங்க்ஸ்ங்கிற அரக்கியோட விடுகதைய அவிழ்க்க வச்சதும் தீப்ஸுக்கு ராஜாவாக்கினதும் இதே குணம்தான், இத எப்படிங்க குறைன்னு சொல்றது?

கேள்வி: ஹூப்ரிஸ்னா கடவுள்கிட்ட காட்டற கர்வம்தானே?

பதில்: ஏதென்ஸ்ல அது கோர்ட்டுக்கே போற குற்றம். இன்னொருத்தர அவமானப்படுத்தி சந்தோஷப்படறதுக்காக அடிக்கிறது, கேவலப்படுத்தறது, இதுக்கு ஹூப்ரிஸ்னு வழக்கு போடலாம். நாடகத்துல கர்வங்கிற அர்த்தமும் வரும், ஆனா ஒவ்வொரு ஹீரோவுக்கும் அதயே ஒட்ட வைக்கிறது சரியில்ல.

கேள்வி: எல்லாம் அப்போலோ தெய்வம் முன்னாடியே சொன்னதுதானே, விதின்னு ஆயிட்ட பிறகு இவன் தப்பு எங்க வருது?

பதில்: ஈடிபஸே இதுக்கு பதில் சொல்றான். ஜோகாஸ்டா தூக்குல தொங்கறா, அவள இறக்கி கிடத்திட்டு, அவ துணியில குத்தியிருந்த தங்க ஊசிகள உருவி தன் கண்ணுல திரும்பத் திரும்ப குத்திக்கறான். வெளிய வந்ததும், எந்தத் தெய்வம் உன்ன இப்படி செய்ய வச்சதுன்னு கோரஸ் (நாடகத்துல கூட்டமா நின்னு பாடிப் பேசற குழு) கேக்குது. இந்தத் துன்பத்தையெல்லாம் கொண்டு வந்தது அப்போலோ, ஆனா குத்தினது என் கைதான், வேற யார் கையும் இல்லங்கிறான். ரெண்டுமே நிஜம், ஒண்ண வச்சு இன்னொண்ண தள்ளிவிட அவன் தயாரா இல்ல.

கேள்வி: மேடம், ஆன்டிகனி நாடகத்துல சோக ஹீரோ ஆன்டிகனியா, கிரியோனா?

பதில்: ரெண்டு பேருமேன்னு சொல்லலாம், ஆனா ஹமார்ட்டியா பத்தி பேசினா நான் கிரியோனத்தான் எடுப்பேன். ஆன்டிகனி ஈடிபஸோட மகள், கிரியோன் அவளோட மாமா, தீப்ஸ் ராஜா. அவளோட அண்ணன் பொணத்த புதைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டவன் அவன், மீறி புதைச்சதுக்கு அவள குகையில அடைக்கிறான். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் வந்து, தப்பு எல்லா மனுஷனுக்கும் சகஜம், அத சரி பண்ணிக்கிட்டா நீ முட்டாள் இல்லங்கிறார். (அங்க வர்றதும் அதே குறி தப்பற வினைதான்.) மொதல்ல சீறினாலும் கடைசியில கிரியோன் இறங்கி வர்றான், இத நிறைய பேர் மறந்துடறாங்க. மொதல்ல போய் பொண்ண குகையிலேர்ந்து விடு, அப்புறம் செத்தவனுக்கு சமாதி கட்டுன்னு கோரஸ் வரிசை சொல்லிக் கொடுக்குது. அவன் என்ன செய்றான்? மொதல்ல பொணத்துகிட்ட போறான். நாய் குதறின உடம்ப கழுவி, எரிச்சு, மண்மேடு போட்டு முடிச்சிட்டுத்தான் குகைக்கு வர்றான். அதுக்குள்ள அவ துணியில சுருக்கு போட்டு தொங்கிட்டா. மகன் ஹீமோன் அப்பா மேல வாள வீசறான், அது தப்பிடுது, அதே வாள தன் விலாவுல இறக்கிக்கறான். சேதி கேட்டு மனைவியும் சாகறா. மகன் உடம்ப சுமந்துட்டு வரும்போது கிரியோன் தன் வாயாலயே அது தன்னோட தப்புன்னு அழறான்.

கேள்வி: யூரிபிடீஸோட மீடியா நாடகத்துல, கைவிட்ட புருஷன பழிவாங்கற மீடியாங்கிற பொண்ணுக்கு என்ன சொல்வீங்க? அவ தெரிஞ்சே பிள்ளைகள கொல்றாளே.

பதில்: அங்க இந்த அளவுகோல் உதவாது. நான் செய்யப்போறது எவ்வளவு கொடுமைன்னு எனக்கு தெரியும், ஆனா என் யோசனைய விட என் ஆத்திரம் பெருசுன்னு அவளே சொல்றா. யூரிபிடீஸ் கி.மு. 431ல போட்டது, அந்த வருஷம் ஏதென்ஸ் நாடகப் போட்டியில மூணாவது இடம்தான் கிடைச்சுது. ஈடிபஸுக்கும் முதல் பரிசு இல்ல, ரெண்டாவதுதான்.

கேள்வி: ஈடிபஸ் அதுக்கப்புறம் என்ன ஆனான்?

பதில்: கேட்டதுக்கு ரொம்ப நன்றி. சோஃபக்ளீஸ் சாகறதுக்கு கொஞ்சம் முன்னாடி, 90 வயச நெருங்கினப்ப எழுதின "ஈடிபஸ் கொலோனஸ்ல"ங்கிற நாடகத்துல அது வருது, அவர் போன பிறகு கி.மு. 401ல அவர் பேரன் அத அரங்கேத்தினார். கண்ணு தெரியாத கிழவனா, மகள் கையப் பிடிச்சுட்டு ஈடிபஸ் ஏதென்ஸ் பக்கத்துல கொலோனஸுக்கு வர்றான், அது சோஃபக்ளீஸ் பொறந்த ஊரு. பேரக் கேட்டதும் ஊர்க்காரங்க போ போன்னு விரட்டறாங்க. அப்ப அவன் வாதாடறான், நான் செஞ்சத விட எனக்கு நேர்ந்ததுதான் அதிகம், தெரியாம பண்ணினேன், சட்டப்படி நான் சுத்தமானவன்னு. ஏதென்ஸ் ராஜா தீசியஸ் அவன ஏத்துக்கறான். கடைசியில இடி இடிக்குது, யாரும் கைப்பிடிக்காமலே அந்தக் குருடன் முன்னாடி நடந்து எல்லாருக்கும் வழி காட்டிட்டு போறான். அவன் மறைஞ்ச இடம் தீசியஸுக்கு மட்டும்தான் தெரியும், பெத்த மகள்களுக்கே காட்டல.