எல்லோரும் புகழும் படம் எனக்குப் பிடிக்கவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உலகமே கொண்டாடும் ஒரு படத்தை அண்மையில் நண்பர்களுடன் பார்த்தேன். எனக்கு அது சலிப்பையே தந்தது. ஆனால் பேச்சு வந்தபோது நானும் தலையாட்டி, ‘அருமை’ என்று சொல்லிவிட்டேன். என் ரசனையில் ஏதேனும் குறை இருக்கிறதா?

பதில்: ரசனையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தலையாட்டியதுதான் வருத்தம் தருகிறது. ஆனால் அது மனித இயல்பு என்பதும் உண்மை. 1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையில், ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு வேறு மூன்றில் எது என்று ஒரு குழுவிடம் கேட்டார்கள். குழுவில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆய்வாளர் முன்கூட்டியே சொல்லிவைத்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான விடையைச் சொன்னபோது, உண்மையில் சோதிக்கப்பட்டவர்கள் தந்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறான பக்கமே சாய்ந்தது. கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்த நிலை என்றால், அளவுகோல் எதுவும் இல்லாத ஒரு திரைப்படத்தைப் பற்றி நண்பர்கள் நடுவே மாற்றுக் கருத்து சொல்ல நா எழாததில் வியப்பில்லை. ஆனால் அதே சோதனையில், இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே இந்தச் சாய்வு பெருமளவு குறைந்துவிட்டது. நீங்கள் வாய் திறந்திருந்தால், உங்களைப் போலவே சலித்துப்போய் அமைதியாக அமர்ந்திருந்த இன்னொருவருக்கும் பேசத் துணிவு வந்திருக்கலாம்.

‘உலகமே கொண்டாடுகிறது’ என்ற தீர்ப்பும் நிலையானதன்று. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, எக்காலத்துக்கும் சிறந்த படம் எது என்று திறனாய்வாளர்களிடம் கேட்டு வருகிறது. 1962 முதல் 2002 வரை முதலிடத்தில் இருந்த ‘சிட்டிசன் கேன்’ 2012-இல் அதை ‘வெர்டிகோ’விடம் இழந்தது, 2022-இல் அந்த இடம் பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் ஆக்கர்மான் 1975-இல் எடுத்த ‘ழான் தீல்மான்’ படத்துக்குப் போனது. ழான் ரெனுவாரின் ‘தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்’ 1939-இல் பாரிஸில் வெளியானபோது பார்வையாளர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். இயக்குநரே காட்சிகளை வெட்டிக் குறைத்தார். சில மாதங்களில் அரசு தடையும் விதித்தது. சிதறிக் கிடந்த சுருள்களிலிருந்து 1959-இல் அது மீட்டமைக்கப்பட்டது. இன்று அதை மேதைமை என்று சொல்ல யாருக்கும் துணிவு தேவையில்லை. 1939-இல் சொன்னவருக்கு நிச்சயம் தேவைப்பட்டிருக்கும்.

இதனால் உங்கள் சலிப்பு தானாகவே சரியாகிவிடாது. எந்த இடத்தில் படம் உங்களைக் கைவிட்டது என்று கண்டுபிடித்துச் சொல்லும்போதுதான் அது கருத்தாகிறது. மேலே சொன்ன ‘ழான் தீல்மான்’ மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. ஒரு பெண் சமைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் அசையாத கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் நாள் அவர் உருளைக்கிழங்கை அளவுக்கு மீறி வேகவிட்டுவிடுகிறார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறார். முதல் நாளின் ஒழுங்கை முழுப் பொறுமையுடன் பார்த்தவருக்கு அந்தச் சிறு பிசகே பேரதிர்ச்சியாக இருக்கும். நான் அந்தக் காட்சியை மிகவும் மதிக்கிறேன். ஆயினும் ஒருவர், ‘அந்த அதிர்ச்சிக்காக முதல் நாளை இவ்வளவு நேரம் காட்ட வேண்டியதில்லை, பாதி நேரமே போதும்’ என்று வாதிட்டால் அவரோடு அமர்ந்து பேச விரும்புவேன். ‘ஒரே போர்’ என்று முடித்துக்கொள்பவரோடு பேச எதுவும் இருக்காது. நண்பர்களை அடுத்த முறை சந்திக்கும்போது, சலிப்பு தொடங்கிய காட்சியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலால் உங்கள் கருத்து மாறினாலும் இழப்பில்லை.

கேள்வி: விமர்சனங்களைத் தொகுக்கும் தளத்தில் 95 விழுக்காடு பெற்ற படம் எனக்குச் சுமாராகவே பட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண் பெற்ற படத்தை அப்படிச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தின் விழுக்காடு மதிப்பெண்ணன்று. எழுதியவர்களில் எத்தனை பேர் சாதகமாக எழுதினார்கள் என்ற விகிதம் மட்டுமே. நூறு பேரும் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்று எழுதினால் அந்தப் படம் நூறு விழுக்காடு பெறும். அறுபது பேர் உயிரைக் கொடுத்து நேசித்து, நாற்பது பேர் வெறுத்த படம் அறுபதோடு நின்றுவிடும். உங்களுக்குச் சுமாராகப் பட்டது என்பது அந்த 95-உடன் முரண்படவே தேவையில்லை. என்னைக் கேட்டால், இரண்டாவது வகைப் படத்தையே முதலில் தேடிப் பார்ப்பேன்.

கேள்வி: பின்னணியில் சிரிப்பொலி கேட்கும் பழைய நகைச்சுவைத் தொடர்கள் எனக்கு இன்றும் பிடிக்கும். ‘எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டுமா?’ என்று வீட்டில் உள்ள இளையவர்கள் கேட்கிறார்கள். சிரிப்பொலியை நீக்கிய காட்சித் துண்டுகளைக் காட்டி, ‘இதில் நகைச்சுவையே இல்லை’ என்கிறார்கள்.

பதில்: அந்தத் துண்டுகள் எதையும் நிரூபிக்கவில்லை. 1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ போன்ற தொடர்கள் பார்வையாளர்களை அரங்கில் அமரவைத்து, பல கேமராக்களால் ஒரே நேரத்தில் படமாக்கப்பட்டவை. வசனத்தைச் சொல்லிவிட்டுச் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருப்பார். அந்த இடைவெளியில் புருவத்தை உயர்த்துவார், எதிரே இருப்பவரைப் பார்ப்பார், பிறகே அடுத்த வசனத்தைத் தொடங்குவார். இது மேடை நாடகத்தின் இலக்கணம். சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்தால், காரணமில்லாமல் விறைத்து நிற்கும் மனிதர்கள்தான் மிஞ்சுவார்கள். எந்த நடிப்பும் அப்படிச் சிதைத்தால் அசட்டுத்தனமாகவே தெரியும்.

ஆனால் இளையவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. அரங்கில் எழும் சிரிப்பு வேறு, பதிவு செய்து ஒட்டிய சிரிப்பு வேறு. சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் 1950களில் உருவாக்கிய கருவியில், விசையை அழுத்தி வேண்டிய அளவு சிரிப்பைச் சேர்க்கலாம். பார்வையாளர் யாரும் இல்லாமல் எடுத்த தொடர்களுக்கும் அது பயன்பட்டது. போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்ட ‘மேஷ்’ தொடரில் தொலைக்காட்சி நிறுவனம் சிரிப்பொலியை வற்புறுத்தியபோது, அறுவைச் சிகிச்சைக் காட்சிகளிலாவது அது வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் வாதாடிப் பெற்றார்கள். அவர்கள் செய்தது முற்றிலும் சரி. பிரிட்டனில் பிபிசி அத்தொடரைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது. அங்கும் அது ரசிக்கப்பட்டது. எனவே உங்களுக்குப் பிடித்த தொடர் இவற்றில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். அரங்கில் எடுத்ததென்றால் கொஞ்சமும் தயங்காமல் வாதிடுங்கள்.

கேள்வி: கொண்டாடப்படும் எந்தப் படமும் எனக்குப் பிடிப்பதில்லை. இதை என் தனித்தன்மையாகவே கருதுகிறேன். சரிதானே?

பதில்: இல்லை. பிறர் புகழ்ந்ததை எல்லாம் இகழ்வதும் பிறர் சொல்லுக்குக் கட்டுப்படுவதே. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் தீர்ப்பு முடிவாகிவிடுகிறது. அதில் உங்கள் கண்ணுக்கு வேலை இல்லை. புகழ் எதுவும் காதில் விழாத ஒரு படத்தைப் பார்த்து, அதில் பிடித்த ஒரு காட்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: பாதியில் நிறுத்திவிட்ட தொடரைப் பற்றி ‘நன்றாக இல்லை’ என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?

பதில்: பார்த்த பகுதியைப் பற்றிச் சொல்ல முழு உரிமை உண்டு. நான்காம் அத்தியாயத்தில் நிறுத்தியிருந்தால், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கதை முடிந்த விதத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்.