கைப்பேசிக்குள் இருப்பது வாத்தியாரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். செயற்கை நுண்ணறிவைப் பற்றி அங்கே பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும் இவை.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர்: கேட்டதும் பதில் சொல்கிறதே தம்பி, அதற்கு மூளை இருக்கிறதா?

மூளை இல்லை, அண்ணே. எது பழுத்த குலை என்று உங்களுக்கு யாரும் புத்தகம் கொடுக்கவில்லை. கறுப்பு மாறிச் சிவப்பு ஏறியதா, மரத்தடியில் உதிரிப் பழம் கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கண் பழகியது. இயந்திரத்துக்கும் அப்படித்தான். 'இது பழுத்தது, இது காய்' என்று குறித்த படங்களை ஆயிரக்கணக்கில் காட்டினால், புதுப் படத்தைப் பார்த்து ஊகிக்கும். இதுதான் இயந்திரக் கற்றல். வெயிலில் எடுத்த படங்களை மட்டுமே காட்டியிருந்தால், மழை நாள் படத்தில் தடுமாறும். 2022 நவம்பரில் வந்த, கேட்டால் பதில் எழுதும் சாட்ஜிபிடி, எழுத்தைப் பார்த்துப் பழகியது. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே வாக்கியம் கட்டுகிறது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: அப்படியென்றால் அது சொல்வதை நம்பலாமா, சார்?

சரிபார்க்காமல் நம்பாதீர்கள், டீச்சர். அதனிடம் மழையைப் பற்றி ஒரு குறள் கேட்டேன். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று, அளவு சரி. புத்தகத்தை விரித்து வான்சிறப்பு அதிகாரத்தில் 11 முதல் 20 வரை விரல் வைத்துத் தேடினேன். இல்லை. 'மாரி' என்ற சொல் வரும் 211-ஆம் குறளும் அது அல்ல. குறளின் சாயலில் அதுவே கட்டிய இரண்டு அடி! பிள்ளை அதை அப்படியே தேர்வில் எழுதியிருந்தால்?

ஓர் அம்மா: மகன் இடைநிலைப்பள்ளியில் படிவம் 3. கட்டுரையை அதிலேயே எழுதி வாங்குகிறான். கைப்பேசியைப் பிடுங்கி வைக்கட்டுமா?

வேண்டாம், அக்கா. முதலில் அவன் கையால் அரைப் பக்கமாவது எழுதட்டும். அப்புறம் அதைக் கொடுத்து, 'திருத்தாதே, கேள்வி மட்டும் கேள்' என்று சொல்லட்டும். என் வகுப்பில் ஒரு பிள்ளை, ரப்பர் மரம் சீவிய பாட்டியைப் பற்றி ஆறு வரி எழுதினாள். 'பாட்டி எத்தனை மணிக்கு எழுவார்?' என்று அது கேட்டது. அவள் பாட்டியிடமே கேட்டு வந்தாள். விடியுமுன் எழுந்தது, நெற்றியில் கட்டிய விளக்கு, இடுப்பில் புகைந்த கொசுவர்த்திச் சுருள். கட்டுரை ஒன்றரைப் பக்கம் ஆனது.

இன்னோர் அம்மா: மகளுக்கு 10 வயது. தனியாகப் பயன்படுத்தலாமா?

தனியாக வேண்டாம். வகுப்பறையில் பயன்படுத்தவே குறைந்தது 13 வயது என்கிறது யுனெஸ்கோவின் 2023 வழிகாட்டி. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே கேளுங்கள். ஐசி (அடையாள அட்டை) எண், பிள்ளையின் படம் எதையும் அதில் போடாதீர்கள்.

ஓர் அப்பா: டியூஷனை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் 'பின்னம்' படித்தவன், இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் 'பெச்சாஹான்' என்றதும் திகைக்கிறான். மலாயில் உள்ள கணக்கைத் தமிழில் விளக்க இது நன்றாக உதவும். ஆனால் எந்தப் படியில் வழக்கமாகத் தவறுகிறான் என்பது, அவன் நோட்டை வாராவாரம் திருத்தும் டியூஷன் டீச்சருக்குத்தான் தெரியும்.