வெள்ளியில் கிடக்கும் வெனெராக்கள்: கேட்டதும் சொன்னதும்

சோவியத் ஒன்றியம் 1970 முதல் 1985 வரை வெள்ளிக் கோளின் தரையில் பத்துக் கலங்களை இறக்கி, அங்கிருந்து சிக்னலும் வாங்கியது. வெனெரா 7 முதல் 14 வரை எட்டு, வேகா இரண்டு. அவற்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் விஞ்ஞானி இல்லை. அனல் மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்பில் முப்பது வருஷம் இருந்தவன். வெள்ளிமேல் பித்துப் பிடித்ததும் அந்த வேலையால்தான்.

ஐயா, அங்கே கந்தக அமில மழை பெய்யுமாமே. கலங்கள் இந்நேரம் கரைந்து போயிருக்காதா?

மழை உண்டு, தரைக்கு வராது. அமிலத் துளிகள் இருப்பது ஏறக்குறைய 48 கிலோமீட்டருக்கு மேலே உள்ள மேகங்களில். இறங்க இறங்கச் சூட்டில் ஆவியாகிவிடும். தரையில் இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. வெப்பம் 460 டிகிரி செல்சியஸ், அழுத்தம் நம்முடையதைப்போல் 90 மடங்கு.

கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு 210 மெகாவாட் யூனிட்டின் மெயின் ஸ்டீம் லைனில் ஓடும் நீராவி 540 டிகிரி, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ, நம் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 145 மடங்கு. அந்தக் குழாய் வருஷக்கணக்கில் தாங்குகிறது. வெனெராவின் உருண்டைக் கூடு டைட்டானியம். அது உருக 1,660 டிகிரிக்கு மேல் வேண்டும். அலுமினியத்துக்கே 660 வேண்டும். மேலே நிறம் மாறியிருக்கலாம், படலம் படிந்திருக்கலாம். கூடு நிற்கும் என்பதுதான் என் கணிப்பு.

கூடு தாங்கும் என்றால் ஒரு கலம்கூட ஒரு நாள் ஓடவில்லையே, ஏன்?

உலோகம் தாங்கும், உள்ளே இருக்கும் சர்க்யூட் தாங்காது. அதை ஒட்டவைக்கும் ஈயம் கலந்த பற்றாசு (சாலிடர்) 183 டிகிரியிலேயே இளகிவிடும். சூடு உள்ளே வராமல் தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். இறங்குவதற்கு முன்பே கலத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே குளிரவைத்தார்கள். உள்ளே நீர் சேர்ந்த லித்தியம் நைட்ரேட் உப்பு வைத்தார்கள். அது 30 டிகிரி வாக்கில் உருகும், உருகும்போது சூட்டைக் குடித்துக்கொள்ளும். மீன் பெட்டியில் ஐஸ் இருக்கும்வரை மீன் கெடாது இல்லையா, அதே கணக்கு. ஐஸ் தீர்ந்ததும் கதை முடிந்தது. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்த வெனெரா 13, 127 நிமிடம் பேசியது.

இன்னொன்று. பேச்சு நின்றது என்றால் கலம் செத்தது என்று அர்த்தமில்லை. 1975-இல் வெனெரா 9 தரையிலிருந்து 53 நிமிடம் பேசியது. அப்புறம் நின்றதற்குக் காரணம், செய்தியை வாங்கிப் பூமிக்கு அனுப்பிக்கொண்டிருந்த தாய்க்கலம் எட்டாத தூரம் போய்விட்டது. கீழே இருந்தது அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம், கேட்க ஆளில்லாமல், அளந்துகொண்டே இருந்திருக்கும்.

பாராசூட்டும் பக்கத்திலேயே கிடக்குமா?

கிடக்காது. வெனெரா 9-லிருந்து பாராசூட்டை 50 கிலோமீட்டர் உயரத்திலேயே கழற்றிவிட்டார்கள். கீழே காற்றின் அடர்த்தி நம்முடையதைவிட ஐம்பது மடங்குக்கு மேல், காற்றைத் தடுக்கக் கலத்தில் ஒரு தட்டு இருந்தாலே வேகம் குறைந்துவிடும். தரையைத் தொட்டபோது நொடிக்கு 7, 8 மீட்டர், ஒரு மாடியிலிருந்து குதிக்கிற வேகம். ஆனால் 1970-இல் வெனெரா 7-க்குப் பாராசூட் பழுதாகி, தரையில் மோதி, சாய்ந்து விழுந்தது. அத்தோடு போயிற்று என்றே நினைத்தார்கள். பிறகு பதிவு நாடாவைத் துருவியபோது, மெலிந்த சிக்னல் 23 நிமிடத்துக்கு இருந்தது. வேறொரு கோளின் தரையிலிருந்து வந்த முதல் சேதி அது.

கேமரா மூடிக் கதை உண்மையா சார்? என் மகள் கேட்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கண்ணாடியைக் காக்கக் கேமராவுக்கு மூடி போட்டிருந்தார்கள். தரையிறங்கியதும் அது தெறித்து விழ வேண்டும். வெனெரா 9, 10 இரண்டிலும் ஆளுக்கு ஒரு மூடி கழலவில்லை. 1978-இல் வெனெரா 11, 12 இரண்டிலும் ஒரு மூடிகூடக் கழலவில்லை. அவ்வளவு தூரம் போய் ஒரு படம் இல்லை.

அடுத்து வடிவமைப்பை மாற்றினார்கள். 1982 மார்ச் 5 அன்று வெனெரா 14 இறங்கியது, மூடிகள் அழகாகத் தெறித்தன. அதில் மண்ணின் இறுக்கத்தை அழுத்திப் பார்க்க ஒரு சிறு கரம் இருந்தது. அது போய் இறங்கிய இடத்தில் கிடந்தது, அப்போதுதான் கழன்று விழுந்த மூடி! மண்ணை அளக்கப் போய் மூடியை அளந்தார்கள். மகளிடம் அதற்கு நான்கு நாள் முன்னால் இறங்கிய வெனெரா 13-இன் படத்தையும் காட்டுங்கள். கீழே ரம்பப் பல் மாதிரி தெரிவது கலத்தின் அடி வளையம். அதற்கு முன்னால் தட்டைப் பாறைமேல் அரைவட்டமாகக் கிடப்பதுதான் மூடி.

செவ்வாயில் கிடப்பதையெல்லாம் மேலிருந்து படம் எடுக்கிறார்களே, இவற்றை எடுக்கவில்லையா?

செவ்வாயில் காற்று மெல்லியது. 2003-இல் அங்கே இறங்கப் போய்க் காணாமல் போன பீகிள் 2 கலத்தை 2015-இல் சுற்றுக்கலப் படத்தில் கண்டுபிடித்தார்கள். வெள்ளியில் மேகம் மறைக்கும், ரேடார்தான் வழி. வெள்ளியைச் சுற்றிய நாசாவின் மகெல்லன் கலத்தின் ரேடாருக்கு நூறு மீட்டருக்குச் சிறியது எதுவும் தெரியாது. கலமோ ஓர் ஆட்டோ அளவு. இறங்கிய இடம்கூடக் கணக்குப் போட்டுச் சொன்னதுதான், துல்லியமானது இல்லை. அதனால் மேலே நான் "கூடு நிற்கும்" என்றதை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இப்போது அவை யாருக்குச் சொந்தம்?

ரஷ்யாவுக்கு. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, எங்கே கிடந்தாலும் பொருள் அனுப்பிய நாட்டுடையதே.

நம் இஸ்ரோ போகிறதாமே, இறங்குமா?

இல்லை. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது சுற்றுக்கலத்துக்கு மட்டும். இறங்கி நாள்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் சூட்டைத் தாங்கும் சிப் வேண்டும். நாசாவின் கிளென் மையத்தில் சிலிக்கான் கார்பைடு சிப் ஒன்றை வெள்ளியின் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்துப் பார்த்தார்கள், 521 மணி நேரம் ஓடியது. 127 நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு நம்பிக்கை அங்கேதான்.

ஒரு வெனெரா பூமியிலேயே விழுந்ததாகப் படித்தேன். நிஜமா அண்ணா?

நிஜம். 1972 மார்ச்சில் வெனெரா 8-க்கு ஜோடியாக ஏவிய கலம் பூமியின் சுற்றுப்பாதையை விட்டே வெளியேறவில்லை. தோல்வி என்று சொல்லாமல் காஸ்மாஸ் 482 என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏறக்குறைய அரை டன் எடையுள்ள அதன் உருண்டை 53 வருஷம் நம்மைச் சுற்றிவிட்டு 2025 மே 10 அன்று இறங்கியது. ஜகார்த்தாவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் விழுந்ததாக ரஷ்யா சொன்னது. வெள்ளிக்காகச் செய்த கூடு, நம் காற்று அதை என்ன செய்துவிடும்? முழுசாகவே கடலுக்கடியில் கிடக்கிறது என்று நான் பந்தயம் கட்டுவேன்.